நிற்பதற்காகப் பேசிய சம்பந்தியம்மா

சம்பந்தி வீட்டாரோடு ஆஸ்பத்திரிக்குப் போன அனுபவம் உங்களுக்கு உண்டா?

கல்யாணத்தில் பந்தி விசாரித்துவிடலாம். வளைகாப்பில் வாய் வலிக்கச் சிரித்துவிடலாம். ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு முழுப் பகல் உட்கார்ந்திருப்பது... அது தனி வித்தை. அதிகம் பேசினால் வாயாடி. பேசாமல் இருந்தால் தலைக்கனம். தண்ணீர் பாட்டிலை எப்போது நீட்டுவது என்பதில்கூட ஒரு மரியாதைக் கணக்கு இருக்கிறது.

எனக்கு அந்த யோகம் சில மாதங்களுக்கு முன் வாய்த்தது. இப்போது எழுதக் காரணம், போன வாரம் சம்பந்தியம்மாவே அனுமதி கொடுத்துவிட்டார்.

"எழுதுங்க சம்பந்தி. நாலு பேருக்குப் பிரயோசனப்பட்டாச் செரி. ஆனா என்ற வயசை மட்டும் போட்டுறாதீங்க."

போடவில்லை.

மயிலாத்தாள் என் மகள் வித்யாவின் மாமியார். முதலிபாளையத்தில் மாப்பிள்ளைக்கு ஒரு பனியன் கம்பெனி. அதை ஒட்டினாற்போல் மாடி வீடு. கம்பெனியில் செக்கிங் பகுதி முழுவதும் சம்பந்தியம்மாவின் ராஜ்ஜியம். தைத்து வரும் டி-ஷர்ட்டை மேஜையில் விரித்து, ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டுப்போன இடம் எல்லாம் பார்த்து ஒதுக்குகிற வேலை. அங்கே இருபது பெண்கள் நின்றுகொண்டு வேலை பார்த்தால், இருபத்தோராவது ஆளாக இவரும் நிற்பார் என்று வித்யா கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். முதலாளியின் அம்மா என்று நாற்காலி போட்டால் கோபம் வரும்.

அந்தக் கம்பெனியில் ஒருநாள் மெடிக்கல் கேம்ப் வைத்தார்கள். செக்கிங் பெண்கள் கூச்சப்பட்டுக்கொண்டு ஒருவரை ஒருவர் இடித்தார்களே தவிர, யாரும் முன்னால் வரவில்லை.

"இதுல என்ன கூச்சம்? நான் உக்காருறேன் பாருங்க" என்று மயிலாத்தாள் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

வந்திருந்த இளம் டாக்டரம்மா ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். கழுத்துப் பக்கம் வைத்துக் கேட்டார். முகம் மாறியது.

"அம்மா, ஒரு எக்கோ எடுத்துப் பாத்துடுங்க. ஏதோ சத்தம் கேக்குது."

மற்றவர்களுக்குத் தைரியம் சொல்லப் போனவருக்கு வந்தது வினை!

எக்கோ என்பது இதயத்துக்கு எடுக்கிற ஸ்கேன். திருப்பூரிலேயே எடுத்தார்கள். அயோர்ட்டிக் வால்வு சுருங்கியிருக்கிறது என்று வந்தது. உடம்பு முழுவதற்கும் ரத்தம் புறப்படுகிற வாசலில், மூன்று இதழ்கள் உள்ள ஒரு கதவு இருக்கிறது. அதுதான் அந்த வால்வு. வயதாக ஆக அதில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். முழுசாகத் திறக்காது. இது பலருக்கு வருகிற சமாச்சாரம்தான்.

எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதுதான் கேள்வி. கொஞ்சம் என்றால் வருஷா வருஷம் பார்த்துக்கொண்டால் போதும். கடுமை என்றால் வால்வையே மாற்ற வேண்டும். ரிப்போர்ட் என்ன சொன்னது தெரியுமா? ஒரு அளவு 'கடுமை' என்றது. அடுத்த வரியிலேயே இன்னொரு அளவு 'மிதம்' என்றது!

வீட்டில் உடனே இரண்டு கட்சி. மாப்பிள்ளை கடுமைக் கட்சி. சம்பந்தியம்மா மிதக் கட்சி.

"பாதி ரிப்போர்ட்டே நான் நல்லா இருக்கேன்னு சொல்லுது. மீதிப் பாதிய எதுக்குடா நம்போணும்?"

ஒருவழியாக, கோயமுத்தூரில் ஒரு இதய டாக்டரிடம் ஒரே ஒருமுறை போய்க் காட்டுவது என்று சமாதானமானார்கள். அவர் என்ன சொன்னாலும் வால்வு மாற்றுகிற பேச்சே எடுக்கக் கூடாது என்பது மயிலாத்தாளின் நிபந்தனை. போக வேண்டிய நாளில்தானா சரக்கு வாங்குகிற பையர் தரப்பிலிருந்து அதைப் பரிசோதிக்க ஆள் வர வேண்டும்? மாப்பிள்ளையால் நகர முடியவில்லை. எனக்கு போன் வந்தது.

"அத்தை, வித்யா வர்றா. கூட நீங்களும் போயிட்டு வந்தீங்கன்னா நெம்ப உதவியா இருக்குமுங்க. அம்மா உங்க பேச்சுன்னாக் கேப்பாங்க."

அது பொய். மயிலாத்தாள் யார் பேச்சையும் கேட்டதாக வரலாறு இல்லை. ஆனால் மாப்பிள்ளை கேட்டு மறுத்த மாமியார் உண்டா?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே வித்யா போனில் புலம்பிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அத்தை முன்ன மாதிரி இல்லம்மா. எல்லா வேலையும் என் தலைல கட்டறாங்க. மொட்டை மாடிக்குத் துணி காயப்போட வர்றதே இல்ல. கேட்டா வெயில் ஜாஸ்திங்கறாங்க. மாடில இருந்த பூஜை ரூமைக் கீழ மாத்தியாச்சு. கேட்டா வாஸ்துங்கறாங்க. எனக்கென்னமோ மருமக இருக்காளேன்னு உக்காந்துட்டாங்கன்னு தோணுது."

பெண்ணைப் பெற்றவள் இதற்கு என்ன சொல்வாள்? "அனுசரிச்சுப் போ கண்ணு" என்பேன். உலகத்தில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதானே.

சரி, கோயமுத்தூருக்கு வருவோம்.

காரில் ஏறும்போதே சம்பந்தியம்மாவின் மடியில் ஒரு எவர்சில்வர் தூக்குப்போசி.

"என்னங்க சம்பந்தி இது?"

"ஊத்துக்குளி வெண்ணெய்ங்க. எங்கண்ணன் ஊட்டுல இருந்து வந்தது. மொதத் தடவை போற எடம், வெறுங்கையோட எப்படிங்க போறது?"

ஹார்ட் டாக்டருக்கு வெண்ணெய்! நானும் வித்யாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சொல்லத் தைரியம் இல்லை.

ஆஸ்பத்திரியில் கார் நிறுத்துகிற இடத்திலிருந்து கட்டடத்துக்குச் சற்றே மேடான பாதை. சக்கர நாற்காலி கொண்டுவரச் சொல்லட்டுமா என்றேன். முறைத்தார். நடந்தோம். கொஞ்ச தூரத்தில் ஒரு செக்யூரிட்டி. மயிலாத்தாள் நின்றார்.

"எந்த ஊரு தம்பி?"

அவர் சொன்னார். கல்யாணமாயிற்றா, குழந்தைகள் என்ன படிக்கிறார்கள், எல்லாம் விசாரணை. மறுபடி நடந்தோம். வாசலுக்குப் பக்கத்தில் பூ விற்கிற பெண். மறுபடியும் நின்றார். மல்லி என்ன விலை, முல்லை எங்கிருந்து வருகிறது... பூ வாங்கவில்லை!

'அடடா, என்ன ஒரு கலகலப்பான மனுஷி' என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் தென் மாவட்டத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. நாற்பது வயசு இருக்கும். வெண்ணெய்ப் போசியைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

"நான் ஊருக்கெல்லாம் சாப்பிடாதீங்கன்னு சொல்றதை எனக்கே கொண்டு வந்திருக்கீங்களேம்மா! சரி, உங்களுக்கு என்ன செய்யுது? மூச்சு வாங்குதா?"

"இல்லீங்க."

"நெஞ்சு பிடிக்குதா?"

"இல்லீங்க."

"தலை சுத்தல், மயக்கம்?"

"அதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க."

பிரஷர் பார்த்தார். பிரஷர் ஏறியிருக்கும்போது எக்கோ எடுத்தால் அளவு தப்பாகக் காட்டுமாம். நன்றாகவே இருந்தது. தானே பக்கத்தில் நின்று மறுபடி எக்கோ எடுக்க வைத்தார். அதே சண்டைதான். ஒரு அளவு கடுமை, இன்னொன்று மிதம்.

"எப்படிங்க டாக்டர் ரெண்டும் வேற வேற சொல்லும்?" என்று கேட்டேன். பத்திரிகையில் பத்தி எழுதுகிறவளுக்குக் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா?

அவர் பொறுமையாகச் சொன்னார்.

"ஒண்ணு, கதவு எவ்வளவு தூரம் திறக்குதுன்னு அளக்கிறது. இன்னொண்ணு, அது வழியா ரத்தம் எவ்வளவு அழுத்தத்தில பாயுதுன்னு அளக்கிறது. செடிக்குத் தண்ணி விடுற ட்யூப் இருக்குல்ல... வாயைப் பெருவிரலால அமுக்கினா என்ன ஆகும்?"

"பீய்ச்சி அடிக்குமுங்க" என்றார் மயிலாத்தாள்.

"அதேதான். ஆனா குழாயையே லேசாத்தான் திறந்து விட்டிருக்கீங்கன்னா? எவ்வளவு அமுக்கினாலும் பீய்ச்சாது. அதைப் பாத்துட்டு, விரல் அமுக்கவே இல்லைன்னு சொன்னா சரியா? அம்மாவுக்கு இதயம் கொஞ்சம் சின்னது. சுவர் தடிச்சிருக்கு. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சமாத்தான் ரத்தம் தள்ளுது. அதனால அழுத்தம் குறைச்சலாத் தெரியலாம். கதவு நிஜமாவே ரொம்ப இறுகியிருக்கலாம். இல்லைன்னா கதவை அளந்ததில சின்னத் தப்பு இருக்கலாம். ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்கணும்."

அதற்கு சி.டி. ஸ்கேன் எடுத்து, வால்வில் எவ்வளவு சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பார்ப்பார்களாம்.

"அதோட, அம்மாவுக்கு அறிகுறி எதுவும் இல்லைங்கறாங்க. நிஜமாவே இல்லையான்னு பாக்க, டிரெட்மில்ல நடக்க வைக்கலாமான்னு யோசிக்கேன்" என்றவர் பேனாவைக் கீழே வைத்தார். மயிலாத்தாளை நேராகப் பார்த்தார்.

"அம்மா, வேற மாதிரி கேக்கேன். போன வருஷம் செஞ்சு, இந்த வருஷம் செய்யாம விட்டது ஏதாவது இருக்கா?"

மயிலாத்தாள் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.



"டாக்டர்..." என்றாள் வித்யா. குரல் மெதுவாக வந்தது. "அத்தை மொட்டை மாடிக்கு வர்றதில்லீங்க."

சம்பந்தியம்மா திரும்பிப் பார்த்தார். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாமியார்மேல் புகார் சொல்கிற மருமகள்! இந்த வழக்கு எந்தக் கோர்ட்டில் போய் நிற்குமோ?

வித்யா நிறுத்தவில்லை.

"பூஜை ரூமைக் கீழ மாத்திட்டாங்க. செக்கிங்ல முன்னெல்லாம் நின்னுட்டே இருப்பாங்க, இப்ப சேர் போட்டு உக்காந்துக்கறாங்க. ஊத்துக்குளிக்கு பஸ்ல போய், எறங்கி நடந்தே அவங்கண்ணன் ஊட்டுக்குப் போவாங்க. இப்பப் போறதே இல்லீங்க, அவங்களைத்தான் வரச் சொல்றாங்க. தைப்பூசத்துக்கு மலைக்கோயிலுக்குப் போனப்பக்கூட... நீங்கெல்லாம் போயிட்டு வாங்க, செருப்பை நான் பாத்துக்கறேன்னு கீழயே..."

போனில் என்னிடம் கோபமாக அடுக்கிய அதே விஷயங்கள்தான். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவளுக்கே அதன் அர்த்தம் மாறிக்கொண்டு வந்தது. கண் கலங்கிவிட்டது.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. செக்யூரிட்டியிடம் விசாரணை... பூக்காரியிடம் விலை... அந்த அம்மாள் பேசுவதற்காக நிற்கவில்லை. நிற்பதற்காகப் பேசியிருக்கிறார்!

"அது முட்டி வலிங்க" என்றார் மயிலாத்தாள். சுருதி இறங்கியிருந்தது.

"முட்டியா, மூச்சாம்மா?"

மயிலாத்தாள் முந்தானையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"மூச்சுத்தானுங்க. ரெண்டு நிமிசம் நின்னா செரியாப் போயிருமுங்க. அதுக்கு எதுக்கு ஊரைக் கூட்டோணும்?"

டாக்டர் டிரெட்மில் எண்ணத்தைக் கைவிட்டார். அறிகுறி உள்ளவர்களை அதில் ஏற்றி நடக்க வைப்பது ஆபத்தாம். "எனக்கு வேண்டிய பதிலை மருமகளே சொல்லிட்டாங்க" என்றார்.

சி.டி. முடிவு அன்று மாலையே வந்தது. அதில் இன்னொரு விஷயம் கற்றுக்கொண்டேன். சுண்ணாம்பு அளவில் ஆணுக்கு ஒரு கணக்கு, பெண்ணுக்கு ஒரு கணக்கு. ஆணுக்கு 'இன்னும் எட்டவில்லை' என்று சொல்கிற அளவு, பெண்ணுக்குக் கடுமையாகவே இருக்கலாம். ஒரே தராசில் நிறுத்தால் பெண்களைத் தவறவிட்டுவிடுவோம் என்றார் டாக்டர். (வீட்டிலும் அப்படித்தானே என்று சொல்ல நினைத்து அடக்கிக்கொண்டேன்.)

மிதக் கட்சி கலைந்தது. கடுமைதான்.

"மருந்தால இந்தக் கதவு திறக்காதும்மா. மாத்தணும். அறிகுறி வந்தபிறகு தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்து" என்று டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். நெஞ்சைத் திறக்காமல், தொடை ரத்தக்குழாய் வழியாகவே புது வால்வை வைக்கலாம், இவர் வயசுக்கும் உடம்புக்கும் அதுதான் தோது என்றார்.

மயிலாத்தாள் எழுந்து கும்பிட்டார். "ஊட்டுல கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க."

நம் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். வரமாட்டேன் என்று அர்த்தம்.

கீழே கேன்டீனில் மூன்று பேரும் காபியோடு உட்கார்ந்தோம். யாரும் குடிக்கவில்லை. வித்யா அழுதுகொண்டே இருந்தாள்.

"என்ன மன்னிச்சிருங்க அத்தை. நான் உங்களை..."

"சோம்பேறின்னு நெனச்ச. அதானே?" மயிலாத்தாள் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நீ உங்கம்மாகிட்டப் போன்ல சொல்றது சமையக்கட்டு வரைக்கும் கேக்கும் கண்ணு."

பூமி பிளந்தால் நானும் என் மகளும் சேர்ந்தே உள்ளே போயிருப்போம்.

"தெரிஞ்சும் ஏனுங்க சும்மா இருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"சோம்பேறின்னு சொன்னாச் சொல்லட்டுமுங்க. சீக்காளின்னு சொல்லக் கூடாதுன்னு நெனச்சேன். சோம்பேறியத் திட்டுவாங்க, அவ்வளவுதான். சீக்காளியப் பாவமாப் பாப்பாங்க. செக்கிங்ல நிக்கற புள்ளைக நாள் பூரா நிக்குதுக சம்பந்தி. அதுக முன்னால எனக்கு மூச்சு வாங்குதுன்னு எப்படிங்க சொல்றது?"

பிறகு வித்யாவின் பக்கம் திரும்பினார்.

"நீ எதுக்கு அழுவறே? நீ கொறை சொல்லாத மருமகளா இருந்திருந்தா, இன்னிக்கு அந்த டாக்டருக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? நான் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டு ஊட்டுக்கு வந்திருப்பேன். என்னை இத்தனை உன்னிப்பாப் பாத்தது நீ ஒருத்திதான். பெத்த பையன்கூடப் பாக்கலையே!"

வித்யாவுக்கு அழுகையிலேயே சிரிப்பு வந்துவிட்டது.

கார் வரக் காத்திருந்தபோது மயிலாத்தாள் என்னைத் தனியாகக் கேட்டார்.

"சம்பந்தி, மறைக்காமச் சொல்லுங்க. நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

தைரியம் சொல்லலாம். கடவுள் இருக்கிறார் என்று சொல்லலாம். எனக்கு ஏனோ உண்மைதான் வந்தது.

"நெம்பப் பயப்படுவேனுங்க. பயந்துட்டே பண்ணிக்குவேன்."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணத்தன்று வெற்றிலைத் தட்டு மாற்றியபோதுகூட எங்கள் கைகள் தொட்டுக்கொண்டதில்லை. தட்டுகள்தான் தொட்டுக்கொண்டன.

"அப்பப் பயப்படலாமுங்களா?"

"தாராளமாங்க."

"செரி. அப்ப மாத்திக்கலாம்."

இவ்வளவுதான் விஷயம். அத்தனை நாளும் 'பயப்படாதீங்க, பயப்படாதீங்க' என்றுதான் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்யலாம் என்று யாரும் சொல்லவில்லை.

வால்வு வைக்கிற அன்று கம்பெனிச் செக்கிங் பெண்கள் கோயிலில் விளக்குப் போட்டார்களாம். மாப்பிள்ளை வராந்தாவில் போனை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பனியன் கம்பெனி முதலாளி பகலில் போனை அணைப்பது திருப்பூரில் எவ்வளவு பெரிய பிரார்த்தனை என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. என்னால் உட்கார முடியவில்லை. வித்யா என் தோளில் சாய்ந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சிரித்த முகத்தோடு வெளியே வந்தார். "அம்மாவோட கதவு நல்லாத் திறந்திருச்சு" என்றார்.

கண் விழித்ததும் மகனைப் பார்த்து மயிலாத்தாள் சொன்ன முதல் வார்த்தை, "பையர் சரக்கை ஓகே பண்ணிட்டாங்களா?" அது முடிந்து பல நாளாகியிருந்தது!

போன வாரம் முதலிபாளையம் போயிருந்தேன். மாமியாரும் மருமகளும் துணிக்கூடையின் ஆளுக்கொரு பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார்கள். ஏறும்போதே சண்டை. பாலியெஸ்டரை நிழலில் போட வேண்டுமா, வெயிலில் போட வேண்டுமா என்று. மூச்சு வாங்காமல் சண்டை போடுகிற சம்பந்தியம்மாவைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். நாம் பெரியவர்களைப் பார்த்தால் என்ன கேட்கிறோம்? "நல்லா இருக்கீங்களா?" இதற்கு ஒரே பதில்தான் உண்டு. "நல்லா இருக்கேன்." கேள்வியும் பொய், பதிலும் பொய். மூச்சு வாங்குவதை ஒருவர் மறைக்கலாம். செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டதை, கூடவே இருக்கிறவர்களிடம் மறைக்க முடியாது. ஆனால் நாம் அதற்கு வயசு என்று பேர் வைக்கிறோம். சோம்பல் என்று பேர் வைக்கிறோம். மாமியார்த்தனம் என்றும் வைக்கிறோம். எல்லாவற்றுக்கும் வால்வுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. காரணம் என்ன என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கலாமே என்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரரிடம் இதைச் சோதித்துப் பார்த்தேன்.

"ஏனுங்க, போன வருஷம் செஞ்சு, இந்த வருஷம் நீங்க செய்யாம விட்டது ஏதாவது இருக்குதுங்களா?"

பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தார். எனக்குக் கொஞ்சம் கலக்கமாகவே இருந்தது.

"ஒண்ணே ஒண்ணுதான்" என்றார். "உன்ற பத்தியப் படிக்கறது."